தண்ணீர் போக வழி எங்கே? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் வீடு, காணி, வடிகான், சோலைவரி (சபைக்குக் கட்டும் வீட்டு, காணி வரி) என்று ஒரே பக்கமாக வந்து குவிந்திருக்கின்றன. மாரி நெருங்குவதும் உள்ளூராட்சி சபைகளில் அடுத்த ஆண்டுப் பாதீட்டு வேலை தொடங்குவதும் ஒரே நேரத்தில் நடப்பது காரணமாக இருக்கலாம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

எங்கள் ஒழுங்கை முன்பு வெறும் மணல். சைக்கிள்கூட உருட்ட முடியாது, ஆனால் எந்த மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில்லை. கொங்கிறீட் போட்டுத் தந்தார்கள், சந்தோஷப்பட்டோம். இப்போது ஒரு மணிநேர மழைக்கே வளவுக்குள் தண்ணீர் நிற்கிறது. வீதி போட்டதே பிழையா ஐயா?
*வாசகி, கல்லடி*

வீதி போட்டது பிழையில்லை மகள், போட்ட மட்டம்தான் பிழை. மட்டக்களப்பின் கல்லடி, டச்பார், நாவலடி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல் தரை. விழுகிற மழையை அந்த மணல் குடித்துவிடும், அதனால்தான் அந்தக் காலத்தில் வடிகான் இல்லாமலே ஊர் தப்பியது. கொங்கிறீட் போட்டவுடன் அந்த இடத்தில் மணல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறது, விழுந்த மழை முழுக்க ஓடியாக வேண்டும். ஓடிப் போக வடிகான் இல்லை. இதற்கு மேல், பழைய ஒழுங்கையைத் தோண்டி எடுக்காமல் அதன் மேலேயே கிறவல் கொட்டி உருட்டி, அதற்கு மேலே கொங்கிறீட் போடுகிறார்கள், வீதி உங்கள் முற்றத்தை விட அரை அடி, முக்கால் அடி உயர்ந்துவிடுகிறது. பிறகு தண்ணீர் வேறு எங்கே போகும், பள்ளமான வளவுக்குள்தான் வரும். நம் பங்கும் இதில் உண்டு. முற்றம் முழுக்கக் கல் பதிக்கிறோம், கிடுகு வேலியும் தகர வேலியும் இருந்த இடத்தில் மதில் கட்டுகிறோம். வேலிக்குக் கீழால் ஓடிய தண்ணீர் இப்போது மதிலில் முட்டி நிற்கிறது.

சரி, சபைக்கு இது தெரியாதா? தெரியும். அங்கே வேலை செய்யும் தொழில்நுட்ப அலுவலர் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், இதைவிட நன்றாக விளக்குவார். பிரச்சினை பணம் பிரிக்கப்படும் விதத்தில் இருக்கிறது. அபிவிருத்திக்கென்று கிடைக்கும் கொஞ்சப் பணத்தை வட்டாரம் வட்டாரமாகப் பங்கு போட்டால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சின்னத் தொகைதான் வரும். அந்தத் தொகையில் நூறு மீற்றர் வீதி போடலாம், படம் எடுக்கலாம், திறந்து வைக்கலாம். வடிகான் அப்படியில்லை. அது உங்கள் ஒழுங்கையில் தொடங்கி அடுத்த வட்டாரத்தைக் கடந்து வாவியில் போய் முடிய வேண்டும், முதலில் மட்டம் பார்க்க வேண்டும், இடையில் யாரோ ஒருவருடைய மதிலோ கடையின் படியோ வாய்க்காலுக்கு மேலே இருக்கும், அதை அகற்றச் சொல்ல வேண்டும். ஒரு வட்டாரத்தின் பங்குப் பணத்தில் இது முடியாது, ஒரு ஆண்டிலும் முடியாது. ஆகவே ஒவ்வொரு ஆண்டும் வீதி கூடுகிறது, வடிகான் கூடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் பல தடவை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன். நம் நாட்டில் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் அனுமதி, மதிப்பீடு, விலைமனு என்று மாதங்கள் போய்விடும், மேலிருந்து வரும் நிதியும் பிந்தி வரும், கடைசியில் ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என்று நவம்பரிலும் டிசம்பரிலும் வேலை ஓடும். கொழும்பில் இருப்பவர்களுக்கு அது சாதாரண மாதமாகத் தெரியலாம். கிழக்கில் ஐப்பசி தொடங்கித் தை வரைதான் ஆண்டு மழையின் பெரும்பங்கும் விழுகிறது. தண்ணீர் நிற்கும் குழிக்குள் கொங்கிறீட் ஊற்றினால் அது எப்படி இருக்கும் என்பதை எந்த மேசனும் சொல்லுவார். சித்திரை முதல் புரட்டாதி வரை நமக்குக் காய்ந்த காலம் இருக்கிறது. வேலையெல்லாம் அந்தக் காலத்துக்குள் முடிவதாகத் திட்டமிட வேண்டும், அதற்கு மதிப்பீடும் விலைமனுவும் முந்திய ஆண்டிலேயே தயாராக இருக்க வேண்டும். சட்டத்தில் எதையும் மாற்றாமலே இதைச் செய்யலாம்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது: ஒழுங்கையில் உள்ளவர்கள் எல்லோரும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொடுங்கள். அதில் “வடிகான் வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வீட்டுக்கு முன்னால் தண்ணீர் நிற்கிறது, எத்தனை மணிநேரம் நிற்கிறது, முன்பு எந்தப் பக்கம் ஓடியது, இப்போது எது மறித்திருக்கிறது என்று எழுதுங்கள், மழை நேரத்தில் எடுத்த படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், அடுத்த ஒழுங்கையில் இதே வேலை தொடங்கப் போகிறதென்றால், பழைய தரையை வெட்டி இறக்கிவிட்டுத்தான் போட வேண்டும் என்று கொந்தராத்துக்காரர் வருவதற்கு முன்பே கேளுங்கள். மதிப்பீட்டில் “வெட்டி அகற்றல்” என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வெள்ளத்துக்கும் “முகத்துவாரம் வெட்டு, முகத்துவாரம் வெட்டு” என்று கத்த வேண்டியிருக்கிறது. மாநகர சபை அதை முன்கூட்டியே வெட்டி வைத்தால் என்ன?
*வாசகர், புளியந்தீவு*

வாவி கடலில் சேரும் வாய்தான் முகத்துவாரம், அதை வெட்டுவது மாநகர சபையின் அதிகாரத்தில் இல்லை. மாவட்டச் செயலாளர் தலைமையில் நீர்ப்பாசனம், கமநல சேவை, மீன்பிடி என்று பல திணைக்களங்கள் சேர்ந்து முடிவெடுக்கும் விடயம். முன்கூட்டியே வெட்டி வைப்பதும் நீங்கள் நினைப்பது போல் இலேசானதில்லை. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும், மாரியில் வாவி நிறைந்து உடைத்துக்கொண்டு போகும், இது இயற்கையின் ஒழுங்கு. வாவிக்கரைத் தாழ்நிலத்தில் வயல் செய்பவருக்கு நேரத்தோடு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பயிர் அழுகிவிடும். வாவியில் இறால் பிடிப்பவருக்குக் கொஞ்சம் பொறுத்து வெட்டினால்தான் நல்லது. அளவுக்கு மீறி முந்தினால் கடல் தண்ணீர் உள்ளே ஏறும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதைக்கிற ஆண்டுகளில் வேலை நன்றாகவும் நடந்திருக்கிறது.

ஆனால் நகரத்துக்குள் இருக்கும் நாம் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நம் வடிகான்கள் எல்லாம் வாவியில்தான் விழுகின்றன. வாவியின் மட்டம் வடிகான் வாயை விட உயர்ந்துவிட்டால், வடிகான் எவ்வளவு துப்புரவாக இருந்தாலும் தண்ணீர் ஓடாது, சில இடங்களில் திரும்பி வரும். 2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் இதைப் பார்த்தோம். முகத்துவாரத்தை வெட்டினால் வாவி இறங்கும், அதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் ஊர்த் தண்ணீர் தங்கி நிற்க இடம் வேண்டும். அந்த இடங்கள் நமக்கு முன்பு இருந்தன. வாவியோரச் சதுப்பு, கண்ணாக் காடு (கண்டல் மரங்கள்), பள்ளக் காணி, சின்னக் குளம், இவையெல்லாம் அதற்குத்தான் இருந்தன. அவற்றில் எத்தனையை மண் போட்டு நிரப்பி வீட்டுக்காணியாக விற்றுவிட்டோம் என்பதை உங்கள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினாலே காணலாம்.

இரண்டு பேரும் வேலை செய்கிறோம், சொந்தமாக ஒரு துண்டுக் காணி வாங்கிச் சின்னதாக வீடு கட்ட ஆசை. நகரத்துக்குக் கிட்ட 5 பேர்ச் துண்டு ஒன்று மலிவாக வருகிறது, புதிதாக மண் போட்டு நிரப்பிய காணி. “உறுதி கிளியர்” என்கிறார் தரகர். வாங்கலாமா?
*இளம் தம்பதியர், கோட்டைமுனை*

அவசரப்பட வேண்டாம். உறுதி சரியாக இருப்பது ஒரு விடயம், அந்தக் காணியில் வீடு கட்ட அனுமதி கிடைப்பது வேறொரு விடயம். நொத்தாரிசு உறுதியை எழுதித் தருவார், கட்டட அனுமதி கிடைக்குமா என்று அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் நடைமுறையில் உள்ள பகுதியில் ஒரு வீட்டுத் துண்டு பொதுவாகக் குறைந்தது 150 சதுர மீற்றர் இருக்க வேண்டும், அகலம் 6 மீற்றராவது வேண்டும். ஒரு பேர்ச் என்பது 25.29 சதுர மீற்றர், ஆகவே 150 சதுர மீற்றர் கிட்டத்தட்ட 6 பேர்ச். உங்கள் தரகர் காட்டும் 5 பேர்ச் சுமார் 126 சதுர மீற்றர்தான். அங்கேயே சிக்கல் தொடங்குகிறது. விலை ஏன் மலிவு என்பதற்கும் அதில் பதில் இருக்கிறது.

அடுத்தது, அந்தக் காணியைத் துண்டாக்கிய நில அளவை வரைபடத்தை மாநகர சபை அங்கீகரித்திருக்கிறதா என்று பாருங்கள். நில அளவையாளர் கீறிக் கையெழுத்து வைத்தால் அது அளவை, சபை அங்கீகரித்தால்தான் அது பிரிப்பு. பெரிய காணியைப் பலருக்குத் துண்டு போட்டு விற்கிறவர் வீதிக்கு எவ்வளவு அகலம் விட்டிருக்கிறார், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியென்றால் பொதுத் தேவைக்கு 10 சதவீதம் ஒதுக்கியிருக்கிறாரா என்பதெல்லாம் அந்த அங்கீகாரத்தில்தான் பார்க்கப்படும். அங்கீகாரம் இல்லாத துண்டை வாங்கினால், பிறகு பிளான் பாஸ் பண்ணப் போகும்போது அந்தப் பழி உங்கள் தலையில் விழும், விற்றவர் போய்விடுவார். சபைக் கந்தோரில் வீதிக்கோட்டுச் சான்றிதழும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வீதி அகலிக்கும்போது உங்கள் காணியில் எவ்வளவு போகும் என்பது அதில் தெரியும்.

மண் போட்டு நிரப்பிய காணி என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் மிகவும் கவலை. அயலில் இருக்கும் வயதானவர்களிடம் போய், 2011இலும் 2024இலும் இந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். எல்லையைச் சுற்றிக் கண்ணா மரம் நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் அது வாவியின் நிலம், வாவிக்கான ஒதுக்கீட்டுக்குள் வரவும் கூடும். நிரப்பிய மண் இறுகி அமர ஆண்டுகள் எடுக்கும். அதற்குள் அத்திவாரம் போட்டால் சுவர் வெடிக்கும், வெடிக்காமல் இருக்க ஆழமாகப் போட்டால் மலிவாக வாங்கிய இலாபம் முழுக்க அத்திவாரத்துக்குள் போய்விடும். அயல் வீட்டுக்காரரையும் நினைத்துப் பாருங்கள், உங்கள் காணி உயர்ந்த அளவுக்கு அவர் காணி பள்ளமாகிவிட்டது.

சின்னத் துண்டில் இன்னொரு ஆபத்து மலக்குழி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 15 மீற்றராவது வேண்டும், உங்கள் கிணற்றை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். நம் மணல் தரையில் நிலத்தடி நீர் மாரியில் மேலே வந்துவிடும், குழியும் கிணறும் ஒரே தண்ணீராகக் கலந்துவிடும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது என்பதற்காக இதை விட்டுவிட முடியாது, குளிக்கவும் கழுவவும் இன்னும் பல வீடுகளில் கிணறுதான்.

கொஞ்சம் தள்ளி, பஸ் போகிற ஒரு இடத்தில், 8 அல்லது 10 பேர்ச் மேட்டுக்காணி பாருங்கள். ஒன்றிரண்டு வருடம் வாடகைக்கு இருந்து பொறுத்து வாங்கினாலும் நட்டமில்லை.

பின்பக்கம் ஒரு அறை சேர்த்துக் கட்டினோம், அனுமதி எடுக்கவில்லை. இப்போது சபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்வது?
*வாசகர், இருதயபுரம்*

கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். இப்படியான விடயம் நீதவான் நீதிமன்றம் வரை போய் இடிக்கும் கட்டளை வரலாம். உடனே ஒரு வரைஞரைக் கொண்டு உள்ளபடி வரைபடம் கீறி, சபைக்குப் போய், முறைப்படுத்திக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பின்பக்க எல்லைக்குப் போதிய இடைவெளி விட்டிருந்தால் தண்டப்பணத்தோடு சரிப்படுத்த வழி கிடைக்கலாம். எல்லை மதிலோடு ஒட்டிக் கட்டியிருந்தால் கஷ்டம், அயலவருக்குக் காற்றும் வெளிச்சமும் போவது மட்டுமல்ல, உங்கள் கூரைத் தண்ணீரும் அவர் வளவுக்குள்தான் விழும். வேலை முடிந்தால், அனுமதித்தபடி கட்டியிருக்கிறது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழ் எடுக்க மறக்க வேண்டாம், வங்கிக் கடனுக்கும் விற்பனைக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை, தெரு விளக்கு எரிவதில்லை. நான் ஏன் சோலைவரி கட்ட வேண்டும்?
*வாசகர், மாமாங்கம்*

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வரி கட்டாமல் விடுவது அந்தக் கோபத்தைக் காட்டும் வழி இல்லை என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், காரணத்தோடு சொல்லுகிறேன்.

சபைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிரந்தர ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசிடமிருந்து மாகாண சபை ஊடாக வருகிறது, அது சம்பளத்துக்கே போய்விடும். காணி கைமாறும்போது கட்டும் முத்திரை வரி, முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் என்று நீங்கள் கட்டுவது, அதுவும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் வழியாகத்தான் வந்து சேர வேண்டும், வருகிற நேரத்தில்தான் வரும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரின் நிர்வாகம்தான் நடந்தது, ஆகவே அங்கே போய் நமக்காகக் கேட்க ஒரு பிரதிநிதிகூட இருக்கவில்லை. வெளிநாட்டு உதவி, அமைச்சு நிதி எல்லாம் இன்ன வேலைக்கென்று பெயர் எழுதி வருபவை. இவ்வளவும் போக, சபை தானே முடிவெடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம் என்றால் சோலைவரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் கடை வாடகை, இப்படி நம் ஊரிலிருந்தே சேர்வதுதான். வடிகான் துப்புரவாக்கும் ஆட்களுக்கும் குப்பை வண்டியின் டீசலுக்கும் தெரு விளக்கின் பல்புக்கும் போவது இந்தப் பணம். இதைக் கட்டாமல் விட்டால் முதலில் நிற்பது அந்தக் குப்பை வண்டிதான், மேலிடத்து நிதியில் போடும் கார்ப்பட் வீதி நிற்காது.

முழு ஆண்டுக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதம் கழிவு கிடைக்கும், காலாண்டுக்கொரு முறை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். கட்டாமல் விட்டால் எச்சரிக்கைக் கட்டணம் ஏறும், சொத்தைத் தடுத்து வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. உங்கள் வீட்டின் வருடாந்தப் பெறுமதி (வரி கணக்கிடப்படும் தொகை) கூடப் போட்டிருப்பதாக நினைத்தால், மதிப்பீட்டு அறிவித்தலில் குறித்த திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், திகதி தாண்டினால் கேட்க மாட்டார்கள். கட்டிய பற்றுச்சீட்டின் இலக்கத்தை எழுதி, “நான் இன்ன திகதியில் கட்டினேன், என் வீதிக்கு இத்தனை வாரமாக வண்டி வரவில்லை” என்று ஒரு கடிதம் போடுங்கள். கட்டாதவர் எழுதும் பெட்டிசத்தை விட அந்தக் கடிதத்துக்குப் பலம் அதிகம்.

இதில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எல்லாச் சபைகளிலும் பெரிய நிலுவைகள் ஏழை வீடுகளில் இருப்பதில்லை. கடைத்தொகுதி, மண்டபம், கந்தோர்க் கட்டடம் என்று பெரிய இடங்களின் நிலுவைப் பட்டியலைச் சபை ஆண்டுதோறும் பகிரங்கமாக ஒட்ட வேண்டும் என்பது என் கருத்து.

2023 மார்ச் முதல் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லாமல் ஆணையாளர்தான் சபையை நடத்தினார். குப்பை அப்போதும் அள்ளப்பட்டது. பிறகு ஏன் இத்தனை உறுப்பினர்கள்?
*வாசகர், மட்டக்களப்பு*

அலுவலகத்தை நடத்துவதற்கு அதிகாரி போதும். எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பதற்குத்தான் உறுப்பினர் வேண்டும். 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து ஜூன் மாதம் சபைகள் திரும்பக் கூடும் வரைக்கும், உங்கள் ஒழுங்கைக்கு வடிகான் வேண்டுமென்றால் நீங்கள் யாருடைய வாசலில் போய் நின்றீர்கள்? ஒரு கோப்பு மேசையின் முன்னால்தான். அந்த அதிகாரி நல்லவராக இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் இல்லை, அவரை மாற்ற உங்களுக்கு வழியும் இல்லை. உறுப்பினரை நீங்கள் சந்தையில் மறித்துக் கேட்கலாம். கால்வாசிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு இன்னொரு மாற்றத்தையும் காண்கிறேன், கிணற்றுத் தண்ணீர், பாடசாலைக்கு முன்னால் நிற்கும் வெள்ளம், தெரு விளக்கு போன்றவற்றைப் பெண் உறுப்பினர்கள் விடாமல் கேட்கிறார்கள். உறுப்பினர் தொகை கூடிவிட்டது என்ற குறையில் உண்மை உண்டு. ஆனால் தொகை கூடியதற்காகச் சபையே வேண்டாம் என்று சொல்ல நான் வர மாட்டேன்.

வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்து, முதல் கொடுப்பனவில் அத்திவாரமும் பாதிச் சுவரும் எழுப்பினோம். பிறகு அரசாங்கம் மாறியது, காசு நின்றுவிட்டது. கடன் வாங்கிக் கூரை போட்டோம், இன்னும் கடன் தீரவில்லை. பிரதேச சபையில் கேட்டால் தங்களுக்குத் தெரியாது என்கிறார்கள்.
*வாசகி, திருக்கோவில்*

அக்கா, பிரதேச சபை சொன்னது உண்மைதான், வீட்டுத்திட்டத்தின் பணம் அவர்கள் கையில் இல்லை. தேசிய வீடமைப்பு அதிகார சபையின் மாவட்டக் காரியாலயத்திலும் பிரதேச செயலகத்திலும்தான் உங்கள் கோப்பு இருக்கும். 2019 முடிவில் ஆட்சி மாறியதோடு நாடு முழுக்க உங்களைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் பாதி வீட்டோடு நின்றார்கள். ஏழைக் குடும்பத்தைக் கடன்காரராக்கிவிட்டு அடுத்த அரசாங்கம் “அது முந்திய ஆட்சியின் திட்டம்” என்று சொல்வது எனக்குத் தாங்க முடியாத விடயம். உங்களுக்கு உறுதி தந்தது அரசு, கட்சி இல்லை. எந்தக் கட்டம் வரை வேலை பார்வையிடப்பட்டது, எவ்வளவு அங்கீகரிக்கப்பட்டது, எவ்வளவு கொடுக்கப்பட்டது, மிகுதி எவ்வளவு என்ற நான்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். கையில் அந்தப் பதில் இருந்தால்தான் அடுத்த ஒதுக்கீடு வரும்போது உங்கள் பெயர் மேலே வரும்.

இனி இப்படி ஒரு திட்டத்தில் பெயர் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுத்தார்கள், பயனாளியே நின்று கட்டும் முறை. அதில் வரைபடத்தில் உள்ள அளவோடு நின்றவர்கள் முடித்தார்கள். “கட்டுகிறதுதானே, இன்னொரு அறையையும் சேர்ப்போம்” என்று அத்திவாரத்தை விரித்தவர்கள் பலர் கடனில் விழுந்தார்கள். முதலில் சின்ன வீட்டை முழுசாக முடித்துக் குடியேறுங்கள், பிறகு வளர்க்கலாம்.

அம்பாறை மாவட்டத்தைப் பற்றிக் கதைக்கும்போது அக்கரைப்பற்று நுரைச்சோலையைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்தவர்களுக்கென்று சவூதி அரசின் உதவியில் 500 வீடுகள் கட்டினார்கள். யாருக்கு எத்தனை என்பது கட்டும் முன்னரே எல்லா ஊராரோடும் பேசி முடிக்கப்படவில்லை, விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது, வீடுகள் ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் பற்றை மூடிக் கிடந்தன. கல்லும் சீமெந்தும் இருந்தது, பணம் இருந்தது, வீடில்லாத சனமும் பக்கத்திலேயே இருந்தது. வீட்டுத்திட்டம் என்றால் முதலில் காணி, அதற்கும் முதலில் அந்தக் காணியைப் பற்றிய இணக்கம் என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது.

கச்சேரி (மாவட்டச் செயலகம்) மட்டக்களப்புக் கோட்டையிலிருந்து திராய்மடுவுக்குப் போய்விட்டது. இது நல்ல முடிவா?
*வாசகர், புளியந்தீவு*

புளியந்தீவுக்கு நல்லது. ஒரு சின்னத் தீவுக்குள், சில பாலங்களை நம்பி, பாடசாலை, வங்கி, ஆஸ்பத்திரி, கந்தோர் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தோம், 2024இல் மாவட்டச் செயலகம் வெளியேறியதால் கொஞ்சம் மூச்சு விடலாம். திராய்மடுவுக்கு நல்லதா என்பது இனிமேல் நாம் செய்வதைப் பொறுத்தது. அது தாழ்ந்த நிலம். ஆழிப்பேரலைக்குப் பிறகு நாவலடிப் பக்கத்து மக்களைக் குடியேற்றிய இடம், மாரியில் தண்ணீர் நின்று அவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். இப்போது பெரிய கந்தோர் வந்ததால் சுற்றியுள்ள காணிக்கு விலை ஏறும், ஆளாளுக்கு மண் நிரப்புவார்கள், முதலில் குடியேறியவர்களின் வீடுகள் நடுவில் குழிக்குள் அகப்படும். அங்கே வடிகான் பாதைகளை வரைபடத்தில் இப்போதே கீறி, கற்களை நட்டு, அதற்கு மேல் எவருக்கும் கட்டட அனுமதி கொடுப்பதில்லை என்று சபை தீர்மானிக்க வேண்டும். தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு நேரடிப் பஸ்ஸும் வேண்டும், முச்சக்கரவண்டிக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்து ஒரு கையெழுத்துக்கு வருகிற வயோதிபர்களை நினைத்தால் மனம் கேட்கவில்லை.

நான் பல்கலைக்கழக மாணவி. சபையின் பாதீட்டை வாசித்து எங்கள் வட்டாரத்து இளைஞர்களுக்கு விளக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
*வாசகி, வந்தாறுமூலை*

மிகவும் சந்தோஷம் மகள். முதல் பக்கத்தில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், அந்தத் தொகையில் வந்தால் வரும் வராவிட்டால் வராது என்ற பணமும் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: போன ஆண்டு எதிர்பார்த்தது, போன ஆண்டு உண்மையில் வந்தது அல்லது செலவானது, இந்த ஆண்டு எதிர்பார்ப்பது. சோலைவரியில் போன ஆண்டு எதிர்பார்த்ததில் பாதிதான் சேர்ந்தது, இந்த ஆண்டு அதை விடக் கூட எழுதியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பணத்தை நம்பி எழுதிய வேலைகளில் பாதி நடக்காது என்று அன்றைக்கே சொல்லிவிடலாம்.

அப்புறம் ஆண்டுதோறும் திரும்ப வரும் மீண்டெழும் செலவில் வடிகான் பராமரிப்புக்கு என்ன போட்டிருக்கிறார்கள், மூலதனச் செலவில் புதிய வீதிக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று இரண்டையும் ஒப்பிடுங்கள். பராமரிப்பு வரி மெலிந்து போயிருந்தால் அடுத்த மாரி எப்படி இருக்கும் என்பதற்கு வேறு சாத்திரம் பார்க்கத் தேவையில்லை. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை ஒவ்வொரு உள்ளூராட்சி சபைக்கும் ஆண்டுதோறும் வருகிறது, இணையத்திலும் இருக்கிறது. நிலுவை வருமானம், தொடங்கிக் கைவிட்ட வேலைகள், பாவிக்காமல் கிடக்கும் வாகனங்கள் எல்லாம் அதில் வெட்டொன்று துண்டு இரண்டாக எழுதப்பட்டிருக்கும். பாதீட்டையும் அதையும் சேர்த்து வாசியுங்கள்.

பாதீடு நிறைவேற முன்னர் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், பத்திரிகையில் சின்னதாக ஒரு அறிவித்தல் வரும், கந்தோர் அறிவித்தல் பலகையிலும் போடுவார்கள். அந்த நாட்களில் போய்ப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு, நீங்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் முன்னால், ஆவணி, புரட்டாதியில் முன்மொழிவுகள் சேர்க்கும்போதே வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது, டிசம்பரில் விவாதம் நடக்கும்போது மாற்றுவதற்கு அதிகம் இருக்காது. வரைவைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை. மறுத்தால் அதே சபையில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பதில் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் கந்தோரை விட்டு வெளியே வர வேண்டாம்.